எஃப்12.23 எப்போ போடலாம், எப்போ போடக்கூடாது: கஞ்சா டிபென்டென்ஸ் வித்ட்ராயல் சார்ட்டை படிக்கிற முறை

சார்ட்ல யூரின் டிரக் ஸ்க்ரீன் டிஹெச்சிக்கு (கஞ்சாவுல போதை தர்ற பொருள்) பாசிட்டிவ்னு ஒரு வரி இருக்கும். நர்ஸ் நோட்ல பேஷன்ட் ரெண்டு ராத்திரியா தூங்கல, எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழறார்னு இன்னொரு வரி இருக்கும். டாக்டர் அசெஸ்மென்ட்ல போய் பாத்தா "மாரிவானா யூஸ்", அதாவது கஞ்சா எடுக்கறார், அவ்ளோதான். அமெரிக்க சார்ட்டுக்கு புதுசா கோடிங் (டாக்டர் எழுதின நோயை பில்லுக்கான கோடா மாத்தற வேலை) பண்ண வர்ற பசங்க நிறைய பேர் இந்த மூணையும் கூட்டிப் பாத்து, ஆஹா வித்ட்ராயல், அதாவது நிறுத்தினதால வர்ற தொந்தரவுன்னு எஃப்12.23 போட்டுடறாங்க. கணக்கு அவங்களுக்கு சரியாத்தான் தோணும், ஆனா ஆடிட்ல அது நிக்காது. இந்த கோட் நிக்கணும்னா ப்ரொவைடர் (டாக்டர் மாதிரி சிகிச்சை தர்றவர்) ரெண்டு விஷயத்தை எழுதியிருக்கணும். ஒண்ணு டிபென்டென்ஸ் (அடிமைநிலை), இல்லன்னா மாடரேட் அல்லது சிவியர் யூஸ் டிஸார்டர். ரெண்டாவது வித்ட்ராயல். இதுல எது காணாம போனாலும் வேற கோட்தான், நம்ம ஊகம் எவ்ளோ கரெக்டா இருந்தாலும் சரி.

நான் சொல்றது எல்லாம் ஐசிடி-10-சிஎம், அதாவது அமெரிக்காவுல பில்லிங்குக்கு ஓடற நோய் கோட் செட்.

முதல்ல எஃப்12 குடும்பத்தை ஒரு தடவை பாத்துக்கோங்க. புள்ளிக்கு அப்புறம் வர்ற முதல் நம்பர் எந்த லெவல்னு சொல்லும்: 1 வந்தா அப்யூஸ், 2 வந்தா டிபென்டென்ஸ், 9 வந்தா வெறும் யூஸ். அடுத்த நம்பர் கூட என்ன இருக்குன்னு சொல்லும்: 0 ஒரு காம்ப்ளிகேஷனும் இல்ல, 1 ரெமிஷன் (விட்டு குணமாகி இருக்கறது), 2 இன்டாக்ஸிகேஷன் (போதையில இருக்கறது), 3 வித்ட்ராயல், 5 சைக்கோடிக் டிஸார்டர், 8 ஆங்ஸைட்டி மாதிரி மத்த டிஸார்டர்கள், 9 என்னன்னு குறிப்பிடாதது. அப்போ வித்ட்ராயலுக்கு மட்டும் மூணு கோட் இருக்கு. அப்யூஸ் வித் வித்ட்ராயல்னா எஃப்12.13, டிபென்டென்ஸ் வித் வித்ட்ராயல்னா எஃப்12.23, யூஸ் வித் வித்ட்ராயல்னா எஃப்12.93. இதை மனப்பாடம் பண்ணவே வேணாம், அமைப்பு புரிஞ்சிட்டா தானா வரும். சில கோடுக்கு ஆறாவது எழுத்து வரைக்கும் போகணும், உதாரணமா இன்டாக்ஸிகேஷன், சைக்கோஸிஸ் எல்லாம். வித்ட்ராயல் அஞ்சோட நின்னுடும், அதனால எஃப்12.230ன்னு ஒண்ணைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க, அது ஓபியாய்டுக்கும் கிடையாது, ஆல்கஹால், செடேடிவ் மாதிரி சிலதுக்குத்தான் அப்படி பிரிவு இருக்கு.

ஒரே சார்ட்ல ஒரு டாக்டர் யூஸ்னும் இன்னொரு டாக்டர் டிபென்டென்ஸ்னும் எழுதியிருந்தா என்ன பண்றதுன்னு கேப்பாங்க. கைட்லைன் இதுல தெளிவா இருக்கு, ஒரே பொருளுக்கு ஒரு லெவல்தான் போகும், மேல இருக்கறது ஜெயிக்கும். யூஸும் அப்யூஸும் இருந்தா அப்யூஸ் மட்டும், அப்யூஸும் டிபென்டென்ஸும் இருந்தா டிபென்டென்ஸ் மட்டும், மூணும் இருந்தாலும் டிபென்டென்ஸ்தான். இது ஒரு எண்கவுன்டருக்குள்ள, அதாவது ஒரு விசிட் இல்லன்னா ஒரு அட்மிஷனுக்குள்ள பொருந்தற விஷயம், மூணு வருஷத்துக்கு முந்தின ப்ராப்ளம் லிஸ்ட்ல டிபென்டென்ஸ்னு கெடக்குதேன்னு அதை எடுத்துட்டு வந்து இன்னைக்கு விசிட்ல ஒட்டறதுக்கு இல்ல.

அடுத்து டாக்டருங்க எழுதற பாஷை. மனநல டாக்டர்கள் இப்போ அப்யூஸ், டிபென்டென்ஸ்னு எழுதறதே கம்மி, அவங்க டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல டயக்னோசிஸ் புக்) படி "கேனபிஸ் யூஸ் டிஸார்டர்"னு (கேனபிஸ்னா கஞ்சா) எழுதி மைல்டு, மாடரேட், சிவியர்னு சொல்வாங்க. 12 மாசத்துக்குள்ள 11 அளவுகோல்ல எத்தனை பொருந்துதுன்னு எண்ணுவாங்க, 2 இல்ல 3 இருந்தா மைல்டு, 4 இல்ல 5 இருந்தா மாடரேட், 6ம் அதுக்கு மேலயும் சிவியர். இதை கோடா மாத்தும்போது மைல்டு அப்யூஸுக்கு போகும், மாடரேட்டும் சிவியரும் டிபென்டென்ஸுக்கு போகும். அதனால "கேனபிஸ் யூஸ் டிஸார்டர், சிவியர், வித் வித்ட்ராயல்"னு ஒரு வரி இருந்தா நேரா எஃப்12.23, டிபென்டென்ஸ்ங்கற வார்த்தை எங்கயும் இல்லையேன்னு பயப்பட வேணாம். ஆனா சிவியாரிட்டி எழுதாம "கேனபிஸ் யூஸ் டிஸார்டர்"னு மட்டும் இருந்தா அங்கதான் வேலை. அளவுகோல் 11ல எத்தனை பொருந்துதுன்னு நீங்க உக்காந்து எண்ணி சிவியர்னு முடிவு பண்ணக்கூடாது, அது க்ளினிக்கல் முடிவு, டாக்டர் கிட்ட கேக்கணும்.

யூரின் டெஸ்ட்டையும் அதே கணக்குலதான் பாக்கணும். ரொம்ப காலம் தினமும் எடுத்தவங்களுக்கு நிறுத்தி ஒரு மாசம் ஆனாலும் பாசிட்டிவ் காட்டலாம். அது எப்பவோ எடுத்திருக்கார்னு சொல்லும், அடிமையா இருக்காரான்னு சொல்லாது, இப்போ வித்ட்ராயல்ல இருக்காரான்னும் சொல்லாது. லேப் ரிசல்ட்டை வச்சு டயக்னோசிஸ் கோட் போடறது எந்த செட்டிங்லயும் ஆகாது.

சர்வீஸ் தேதியை பாத்துட்டு கோட் எடுங்க. பழைய கிளெய்ம் ரீவொர்க், பழைய சார்ட் ஆடிட் பண்றவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். எஃப்12.23, எஃப்12.93 ரெண்டும் 2018 அக்டோபர் 1 முதல் வந்தது. அதுக்கு முன்னாடி கஞ்சா வித்ட்ராயலுக்குன்னு தனி கோடே இல்ல, டிஎஸ்எம்-5 புக்லயே எஃப்12.288னுதான் போட்டிருந்தாங்க. எஃப்12.13 இன்னும் ரெண்டு வருஷம் தள்ளி 2020 அக்டோபர் 1ல வந்தது. எஃப்12.91, அதாவது யூஸ் இன் ரெமிஷன், 2022 அக்டோபர் 1ல. இந்த லேட்டுக்கு ஒரு காரணமும் இருக்கு, 1994ல வந்த டிஎஸ்எம்-4 கஞ்சாவுக்கு வித்ட்ராயல்னு ஒண்ணு இருக்குன்னே ஏத்துக்கல, 2013ல டிஎஸ்எம்-5 வந்தப்போதான் அது தனி டயக்னோசிஸா உள்ள வந்தது. அதனாலதான் இன்னைக்கும் சில பழைய டாக்டர்கள் "கஞ்சாவுக்கெல்லாம் என்னய்யா வித்ட்ராயல்"னு எழுதாம விட்டுடறாங்க. அறிகுறிகளை மட்டும் பத்து வரி எழுதுவாங்க, பேர் வைக்க மாட்டாங்க. நமக்கு தேவை அந்த பேர்.

கோடருக்கு எதுக்கு க்ளினிக்கல் விவரம்னு கேட்டா, ரெண்டு காரணம். க்வெரி (டாக்டருக்கு எழுதற விளக்கக் கேள்வி) எழுதணும்னா என்ன குறி இருக்குன்னு சொல்லத் தெரியணும், அப்புறம் பேயர் (இன்ஷூரன்ஸ்) தரப்புல இது நிஜமாவே வித்ட்ராயல்தானான்னு கேட்டு டினையல் (பணம் தர மறுப்பு) அனுப்பினா சார்ட்ல ஆதாரம் இருக்கான்னு பாக்கத் தெரியணும். டிஎஸ்எம்-5 கேக்கறது இதுதான். மொதல்ல, நிறைய, நீண்ட காலமா எடுத்துட்டு இருந்து நிறுத்தியிருக்கணும், நீண்ட காலம்னா கிட்டத்தட்ட தினமும், குறைஞ்சது சில மாசம். நிறுத்தினதுக்கு அப்புறம் ஒரு வாரத்துக்குள்ள ஏழு வகை அறிகுறிகள்ல குறைஞ்சது மூணு வரணும்: எரிச்சல் கோவம் ஆக்ரோஷம், பதட்டம், தூக்கம் கெடறது அல்லது மோசமான கனவு, பசி குறையறது அல்லது எடை குறையறது, நிலைகொள்ளாம இருக்கறது, மனசு சோர்ந்து போறது, கடைசியா உடம்பு சம்பந்தமா வயித்து வலி, நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குளிர், தலைவலி இதுல ஒண்ணாவது நல்லாவே தொந்தரவு பண்ற அளவுக்கு. இதனால வேலை வீடு எங்கயாவது பாதிப்பு இருக்கணும், வேற நோயாலயோ வேற பொருளாலயோ வந்ததா இருக்கக்கூடாது. பெரும்பாலும் நிறுத்தி 24 முதல் 72 மணி நேரத்துல ஆரம்பிச்சு, முதல் வாரத்துல உச்சத்துக்கு போய், ஒண்ணு ரெண்டு வாரத்துல அடங்கும். தூக்கப் பிரச்சனை மட்டும் 30 நாளைத் தாண்டியும் இழுக்கும்.

இந்த காலக்கணக்குதான் சார்ட்ல பெரும்பாலும் இல்லாம போற விஷயம். "ஹெவி யூஸர்"னு இருக்கும், கடைசியா எப்போ எடுத்தார்னு இருக்காது. கடைசியா எடுத்த தேதி இல்லாம வித்ட்ராயல்னு எழுதினா, பேயரோட டாக்டர் முதல் கேள்வியே அங்கதான் கேப்பார். ஆல்கஹாலுக்கு பயன்படுத்தற சீவா ஸ்கோரையோ ஓபியாய்டுக்கான கவ்ஸ் ஸ்கோரையோ கஞ்சாவுக்கு ஆதாரமா வச்சிருக்கற சார்ட்டையும் பாத்திருக்கேன், அதுல எந்த பிரயோஜனமும் இல்ல, அதது அததுக்குன்னு செஞ்சது. கஞ்சாவுக்கே தனியா 19 கேள்வி உள்ள கேனபிஸ் வித்ட்ராயல் ஸ்கேல் இருக்கு, கோடிங்குக்கு அது கட்டாயம் இல்லன்னாலும் சார்ட்ல இருந்தா டினையலுக்கு பதில் எழுதறவங்க வேலை பாதி முடிஞ்ச மாதிரி.

டாக்குமென்டேஷன் எழுதற பக்கம்

டாக்டர், நர்ஸ் ப்ராக்டிஷனர், ஸ்க்ரைப் யாராவது இதை படிச்சா அவங்களுக்குத்தான் இந்த பகுதி. நோட்ல இப்படி எழுதியிருக்குன்னு வச்சிக்கோங்க: "எம்ஜே (மாரிவானா) யூஸ், வித்ட்ராயல் அறிகுறி மாதிரி இருக்கு, தூக்கத்துக்கு மருந்து கொடுத்தாச்சு." இதுல யூஸ்னு இருக்கு, லெவல் இல்ல. "மாதிரி இருக்கு"ன்னு இருக்கு, அது சந்தேக டயக்னோசிஸ். எத்தனை நாளா எடுக்கறார், எப்போ நிறுத்தினார், ஒண்ணும் இல்ல. எரிச்சல் நிக்கோட்டின் நிறுத்தினதால வந்ததான்னும் தெரியல, ஏன்னா அந்த பேஷன்ட் சிகரெட்டும் பிடிப்பார்னு சோஷியல் ஹிஸ்டரில இருக்கும், ரெண்டையும் ஒரே நாள்ல நிறுத்தியிருப்பார்.

அதையே இப்படி எழுதலாம்: "கேனபிஸ் யூஸ் டிஸார்டர், சிவியர், வித் வித்ட்ராயல். நாலு வருஷமா தினமும் பலமுறை வேப் பண்றார், கடைசியா எடுத்தது 3 நாள் முன்னாடி. நேத்துல இருந்து எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை, வேலைக்கு போக முடியல. காய்ச்சல் இல்ல, தைராய்டு நார்மல். நிக்கோட்டின் பேட்ச் தொடருது, அதனால நிக்கோட்டின் வித்ட்ராயல் காரணமா தோணல. தூக்கத்துக்கு மருந்து, தினமும் மறுபரிசீலனை, கவுன்சலிங் ரெஃபரல்." எழுத ஒரு நிமிஷம் கூட அதிகமா ஆகாது. லெவல், வித்ட்ராயல், எவ்ளோ காலம், எப்போ நிறுத்தினார், என்ன அறிகுறி, வேற காரணம் ஏன் இல்ல, என்ன சிகிச்சை, எல்லாம் வந்துடுச்சு. கஞ்சா வித்ட்ராயலுக்குன்னு எஃப்டிஏ அனுமதிச்ச மருந்து எதுவும் கிடையாது, அதனால மருந்து லிஸ்ட்டை பாத்து ஆடிட்டர் எதையும் புரிஞ்சிக்க முடியாது, ஆல்கஹால் வித்ட்ராயல்ல பென்சோ ஆர்டரை பாத்தவுடனே தெரியற மாதிரி இங்க தெரியாது. அந்த தூக்க மாத்திரை எதுக்குன்னு வார்த்தையில எழுதினாத்தான் உண்டு.

நர்ஸ் நோட்ல, சோஷியல் வொர்க்கர் நோட்ல எவ்ளோ அழகா எழுதியிருந்தாலும் அதை வச்சு வித்ட்ராயல் கோட் போட முடியாது. பிஎம்ஐ, பெட் சோர் ஸ்டேஜ், ரத்த ஆல்கஹால் அளவு மாதிரி சில விஷயங்களுக்குத்தான் ப்ரொவைடர் அல்லாதவங்க எழுதினதை கைட்லைன் அனுமதிக்குது, அந்த லிஸ்ட்ல இது இல்ல. ஆனா க்வெரிக்கு அந்த நோட்டுங்கதான் தங்கச் சுரங்கம்.

க்வெரி எழுதும்போது "வித்ட்ராயல்னு டாக்குமென்ட் பண்ண முடியுமா"ன்னு கேட்டீங்கன்னா அது லீடிங் (பதிலை நாமளே எடுத்துக் கொடுக்கறது), ஏஹிமாவும் ஏசிடிஸும் (கோடிங், டாக்குமென்டேஷன் வேலைக்கான ரெண்டு அமெரிக்க சங்கங்கள்) சேர்ந்து வெளியிட்ட க்வெரி வழிகாட்டி இதைத்தான் வேணாம்னு சொல்லுது. என் ஸ்டைல் இப்படி: முதல்ல குறிகளை தேதியோட வைக்கறது, 2ம் தேதி ஹெச்அண்ட்பியில (அட்மிட் ஆகும்போது டாக்டர் எழுதற ஹிஸ்டரி, எக்ஸாம் நோட்) தினசரி மாரிவானா உபயோகம், கடைசியா அட்மிட்டுக்கு முந்தின நாள், 4ம் தேதி நர்ஸ் நோட்ல தூக்கமின்மை, எரிச்சல், சாப்பாடு மறுப்பு, வியர்வை, 4ம் தேதி ராத்திரி தூக்கத்துக்கு புது ஆர்டர். அதுக்கப்புறம் இந்த அறிகுறிகளுக்கு காரணமான நிலை என்னன்னு உங்க க்ளினிக்கல் முடிவுல தெரிவிக்கவும்னு கேட்டு, கேனபிஸ் வித்ட்ராயல், நிக்கோட்டின் வித்ட்ராயல், ஆஸ்பத்திரி சூழலால வந்த தூக்கமின்மை, வேற ஏதாவது, தீர்மானிக்க முடியலன்னு ஆப்ஷன் கொடுக்கறது. கேனபிஸ் உபயோகத்தோட லெவலை தனி கேள்வியா கேளுங்க, ரெண்டையும் ஒரே கேள்வில குழப்பினா டாக்டர் ஒண்ணுக்கு பதில் சொல்லிட்டு இன்னொன்னை விட்டுடுவார். பணம், டிஆர்ஜி (ஆஸ்பத்திரி பில் தொகையை முடிவு பண்ற க்ரூப்), ரிஸ்க் ஸ்கோர் பத்தி க்வெரில ஒரு வார்த்தை கூட வரக்கூடாது.

"கேனபிஸ் வித்ட்ராயல்"னு மட்டும் எழுதி லெவல் சொல்லாம விட்டா? கோட் புக் இன்டெக்ஸ்ல வித்ட்ராயல்னு தேடினா டிபென்டென்ஸ் பக்கம் போய் பாருன்னு அனுப்பும். அதை வச்சு நேரா எஃப்12.23 போடறவங்க இருக்காங்க. எனக்கு அதுல மனசு ஒப்பல, ஏன்னா இப்போ யூஸ், அப்யூஸ், டிபென்டென்ஸ் மூணுக்கும் தனித்தனி வித்ட்ராயல் கோட் இருக்கு, டாக்டர் மேற்பார்வையில மெடிக்கல் மாரிவானா எடுத்தவருக்கு யூஸ் டிஸார்டரே இல்லாம வித்ட்ராயல் வரலாம், அவருக்கு எஃப்12.93தான் பொருத்தம். ஒரு க்வெரி போட்டா தீர்ந்துடும் விஷயத்துக்கு, ஒருத்தர் ரெக்கார்டுல டிபென்டென்ஸ்னு முத்திரை குத்தறது சரியில்ல.

கூட என்ன போடணும், என்ன போடக்கூடாது

எஃப்12.23 போட்டா எஃப்12.20 போடாதீங்க. 20ங்கறது காம்ப்ளிகேஷன் இல்லாத டிபென்டென்ஸ், ரெண்டும் ஒரே சமயத்துல உண்மையா இருக்க முடியாது, ஆனா ப்ராப்ளம் லிஸ்ட்ல இருந்து தானா இழுத்துட்டு வர்ற சிஸ்டத்துல இது அடிக்கடி நடக்கும், ஸ்க்ரப்பர் (கிளெய்ம்ல தப்பு தேடற சாஃப்ட்வேர்) பிடிக்கலன்னா அப்படியே போயிடும். அப்யூஸ் கோடும் டிபென்டென்ஸ் கோடும் சேர்ந்து வர முடியாது, அங்க எக்ஸ்க்ளூட்ஸ்1 நோட்டே இருக்கு. தூக்கமின்மை ஜி47.00, எரிச்சல் ஆர்45.4, பசியின்மை ஆர்63.0 இதையெல்லாம் கூட அடுக்க வேணாம், வித்ட்ராயலோட வழக்கமான அறிகுறிகள் அதுக்குள்ளயே அடக்கம்.

பதட்டம்தான் கொஞ்சம் தகராறு. வித்ட்ராயலோட பகுதியா வர்ற பதட்டத்துக்கு தனி கோட் கிடையாது. பேஷன்ட்டுக்கு வருஷக்கணக்கா தனியா ஜெனரலைஸ்டு ஆங்ஸைட்டி டிஸார்டர் இருந்தா எஃப்41.1 தனியா போகும். கஞ்சாவாலயே தூண்டப்பட்ட ஆங்ஸைட்டி டிஸார்டர்னு டாக்டர் எழுதினா எஃப்12.280. மூணும் மூணு விஷயம், சார்ட்ல வெறும் "ஆங்ஸைட்டி"ன்னு இருந்தா எது எதுன்னு நாம தீர்மானிக்க முடியாது. சைக்கோஸிஸும் அதே மாதிரிதான், வித்ட்ராயலும் கஞ்சாவால வந்த ஹாலுசினேஷனும் (இல்லாதது தெரியறது, கேக்கறது) ரெண்டுமே டாக்குமென்ட் ஆகியிருந்தா எஃப்12.23ம் எஃப்12.251ம் சேர்த்து போடலாம், ஒண்ணு இன்னொன்னை தடுக்காது.

பல பொருள் எடுக்கறவங்களுக்கு எல்லாத்தையும் எஃப்19ல (பல பொருள், மத்த பொருளுக்கான கோட்) கொட்டாதீங்க, பேர் தெரிஞ்சா ஒவ்வொன்னுக்கும் தனி கோட். நிக்கோட்டின் டிபென்டென்ஸ் சிகரெட் வித்ட்ராயலோட இருந்தா எஃப்17.213. டி40.71 வரிசையை வித்ட்ராயலுக்கு தொடவே வேணாம், அது பாய்ஸனிங், அட்வர்ஸ் எஃபெக்ட்டுக்கான இடம், குழந்தை தெரியாம கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாயை சாப்பிட்டுட்டு வந்தா அங்க போங்க.

வாந்தியோட வர்ற கேஸை ரெண்டு தடவை படிங்க. கேனபிஸ் ஹைப்பர்எமிஸிஸ்னு ஒண்ணு இருக்கு, ரொம்ப காலம் எடுக்கறவங்களுக்கு விட்டு விட்டு கடுமையான வாந்தி வரும், வெந்நீர்ல குளிச்சா கொஞ்சம் அடங்கும்னு மணிக்கணக்கா ஷவர்லயே நிப்பாங்க. அது எடுத்துட்டு இருக்கும்போது வர்றது, நிறுத்தினா சரியாகறது, வித்ட்ராயலுக்கு நேர் எதிர் திசை. இதுக்கு 2025 அக்டோபர் 1 முதல் ஆர்11.16னு தனி கோட் வந்துடுச்சு, அதுக்கு முன்னாடி தேதின்னா பழைய முறைல வாந்தி கோடும் எஃப்12.288 மாதிரி கோடும் சேர்த்து போட்டாங்க. நோட்ல ஷவர் பத்தி இருக்கு, டயக்னோசிஸ்ல வித்ட்ராயல்னு இருக்குன்னா ஒரு க்வெரி போட்டு கேட்டுடுங்க, தப்பா இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்பேஷன்ட் கேஸ்

இங்கதான் நல்ல கோடரும் சறுக்குவாங்க. ஒருத்தர் அப்பென்டிசைட்டிஸ்னு அட்மிட் ஆகறார், ஆபரேஷன் முடிஞ்சது, வார்டுல கஞ்சா இல்ல, மூணாம் நாள் வித்ட்ராயல்னு டாக்டர் எழுதறார், மாடரேட் யூஸ் டிஸார்டர்னும் எழுதறார். பிரின்ஸிபல் டயக்னோசிஸ் அப்பென்டிசைட்டிஸ், எஃப்12.23 செகன்டரி, அதுல சந்தேகம் இல்ல. பிஓஏ, அதாவது அட்மிட் ஆகும்போதே இருந்ததான்னு சொல்ற குறி, என்ன? டிபென்டென்ஸ் வீட்ல இருந்தே கூட வந்தது, அதனால ஒய் (ஆமா)னு கை தானா போகும். ஆனா இது காம்பினேஷன் கோட், காம்பினேஷன் கோட்ல ஏதாவது ஒரு பகுதி அட்மிஷன் நேரத்துல இல்லன்னா என் (இல்ல)தான் போடணும்னு பிஓஏ கைட்லைன் சொல்லுது. வித்ட்ராயல் அட்மிட் ஆனப்போ இல்ல, அதனால என். அதே பேஷன்ட் நாலு நாளா வீட்லயே வயித்து வலில எதுவும் எடுக்காம இருந்து, வரும்போதே வியர்வையும் எரிச்சலுமா வந்தார்னு டாக்டர் எழுதியிருந்தா ஒய். எப்போ ஆரம்பிச்சதுன்னு டாக்குமென்டேஷன் போதலன்னா யு, ஆனா யு போட்டுட்டு நிம்மதியா போறதுக்கு பதில் கேட்டுடறது நல்லது. வித்ட்ராயலுக்காகவே அட்மிட் பண்ணியிருந்தா எஃப்12.23 முதல்ல வரும்.

சந்தேக வார்த்தைகள் இன்பேஷன்ட்லயும் அவுட்பேஷன்ட்லயும் ரெண்டு விதமா நடக்கும். இன்பேஷன்ட் டிஸ்சார்ஜ் சம்மரில கடைசில "ப்ராபபிள் கேனபிஸ் வித்ட்ராயல்"னு இருந்தா அது இருக்குன்னே எடுத்து கோட் பண்ணலாம். க்ளினிக் விசிட், ஈடி (எமர்ஜென்ஸி) விசிட்ல அதே வார்த்தை இருந்தா கோட் பண்ணக்கூடாது, அப்போ அறிகுறிகளுக்குத்தான் கோட், மேல சொன்ன ஜி47.00, ஆர்45.4 எல்லாம் அங்க வேலைக்கு வரும். ஈடில வந்து அங்கயே அட்மிட் ஆனா எந்த விதி எதுக்குன்னு குழம்பறவங்க, எந்த கிளெய்முக்கு கோட் பண்றோம்னு மொதல்ல பாத்துக்கோங்க, ப்ரொஃபெஷனல் கிளெய்ம் (டாக்டர் ஃபீஸுக்கானது)னா அவுட்பேஷன்ட் விதிதான், பேஷன்ட் கட்டில்ல படுத்திருந்தாலும் சரி.

நிறுத்தி மூணு வாரம் ஆச்சு, ரெமிஷன் போடலாமான்னு கேப்பாங்க. போட முடியாது. டாக்டர் "இன் ரெமிஷன்"னு எழுதணும், டிஎஸ்எம்-5 படி ஏர்லி ரெமிஷனுக்கே குறைஞ்சது 3 மாசம் வேணும், 12 மாசம் தாண்டினா சஸ்டெயின்டு. ரெண்டுக்கும் கோட் ஒண்ணுதான், மாடரேட் சிவியர்னா எஃப்12.21. "ஹிஸ்டரி ஆஃப் கேனபிஸ் டிபென்டென்ஸ்"னு எழுதினாலும் இன்டெக்ஸ் ரெமிஷனுக்குத்தான் அனுப்பும், அதனால ஹிஸ்டரின்னு எழுதற பழக்கம் உள்ள டாக்டர் கிட்ட அவர் நிஜமா அதைத்தான் சொல்ல வர்றாரான்னு கேட்டுக்கோங்க, நிறைய பேர் "இப்பவும் எடுக்கறார்"ங்கற அர்த்தத்துலயே ஹிஸ்டரி ஆஃப்னு எழுதறாங்க.

கர்ப்பிணின்னா ஓ99.32 வரிசை முதல்ல, எந்த ட்ரைமெஸ்டர்னு பாத்து, அப்புறம் எஃப்12. பிறந்த குழந்தைக்கு எஃப்12 எதுவும் கிடையாது, அம்மா உபயோகத்தால பாதிப்புன்னா பி04.81, வித்ட்ராயல் அறிகுறின்னு டாக்டர் எழுதினா பி96.1.

அமெரிக்காவுக்கு வெளிய வேலை பாக்கறவங்க இந்த நம்பரை அப்படியே எடுத்துட்டு போகாதீங்க. டபிள்யூஹெச்ஓ ஐசிடி-10ல எஃப்12.2 டிபென்டென்ஸ், எஃப்12.3 வித்ட்ராயல், தனித்தனி. 2022 ஜனவரி 1ல நடைமுறைக்கு வந்த ஐசிடி-11ல டிபென்டென்ஸ் 6சி41.2, வித்ட்ராயல் 6சி41.4.

கடைசியா ஒரு சின்ன விஷயம், ரிலீஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்ல (ரெக்கார்டை வெளிய கொடுக்கற பிரிவு) வேலை பாக்கறவங்களுக்கு. போதை சிகிச்சை ப்ரோக்ராம்ல இருந்து வர்ற ரெக்கார்டுக்கு ஹிப்பா (அமெரிக்க மருத்துவ தகவல் ரகசிய சட்டம்) மட்டும் இல்ல, 42 சிஎஃப்ஆர் பார்ட் 2னு தனி சட்டமும் உண்டு. அதோட விதிகளை 2024 பிப்ரவரில திருத்தினாங்க, எல்லாரும் கடைபிடிக்க வேண்டிய கெடு 2026 பிப்ரவரி 16. க்வெரிக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து டீம் சாட்ல போடறது, சந்தேகம் கேக்கறதுக்கு சார்ட் வரியை காப்பி பண்ணி வெளி க்ரூப்ல ஒட்டறது, பேர் அழிச்சிட்டேனேன்னு சமாதானம் சொல்றது, இதெல்லாம் எந்த ரெக்கார்டுக்கும் கூடாது, பார்ட் 2 ரெக்கார்டுக்கு சுத்தமா கூடாது. சந்தேகம் இருந்தா கேஸை பொதுவா மாத்தி உங்க சொந்த வார்த்தையில கேளுங்க.